அதே வளைவு, அதே வேகம்: கார் மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி?

மே 3, மாலை (கேள்வி)

அண்ணாமார், அசெட்டோ கோர்சா என்ற கார் ஓட்டும் கேமில் ரூஃப் யெல்லோபேர்ட் கார் ஓட்டுறேன். ட்ராக் பிராண்ட்ஸ் ஹாட்ச். முதல் வளைவு பாடக் ஹில்லில் ஒரு சுற்று அழகா திரும்புது. அடுத்த சுற்றில் அதே இடம், அதே வேகம், வால் சுத்தி மணலுக்குள்ள போகுது. வீட்டில பழைய ஸ்டீயரிங் செட்தான் இருக்கு, ஆனா வேற கார்களில் இப்படி நடக்கிறதில்ல. கேமில் ஏதோ ரேண்டமா வச்சிருக்கிறாங்க என்று நினைக்கிறேன். யாருக்காவது இப்படி நடந்திருக்கா?

மே 3, இரவு (பதில்)

தம்பி, ரேண்டம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்தக் கேமில் காரின் இயக்கக் கணக்கு செக்கனுக்கு 333 தடவை ஓடுகிறது. நிலைமை எல்லாம் ஒன்றாக இருந்து, கையும் காலும் ஒரே மாதிரி வேலை செய்தால், விளைவும் ஒன்றாகத்தான் வரும். உங்கள் இரண்டு சுற்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்று மாறியிருக்கிறது.

அதே வேகம் என்கிறீர்கள். வேகத்தை எந்த இடத்தில் பார்த்தீர்கள்? பிரேக்கில் கால் வைக்கும் இடத்திலா, ஸ்டீயரிங் திருப்பும் இடத்திலா, சரிவில் இறங்கும்போதா? பாடக் ஹில்லில் இந்த மூன்று இடத்திலும் டயர் மேல் இருக்கும் பாரம் வேறு வேறு. வளைவின் தொடக்கம் ஒரு மேட்டு விளிம்பு. அதைத் தாண்டியதும் பாதை வலது பக்கம் திரும்பிக்கொண்டே சட்டென்று கீழே இறங்குகிறது. இறங்கும் அந்த நேரத்தில் கார் முழுவதும் லேசாகிறது, நாலு சில்லுக்கும் பிடி குறைகிறது. அடியில் பள்ளத்துக்கு வந்ததும் பாரம் எல்லாம் திரும்ப வந்து அமர்கிறது, பிடியும் கூடுகிறது. அங்கிருந்து ட்ரூயிட்ஸ் வளைவுக்கு ஏற்றம்.

இப்போது உங்கள் கார். யெல்லோபேர்ட் 1987 இல் வந்தது. 3.4 லீற்றர் இரட்டை டர்போ என்ஜின், 469 குதிரைவலு, எடை சுமார் 1150 கிலோ. என்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. சும்மா நிற்கும்போதே எடையில் 60 வீதம் அளவு பின் சில்லுகளில்தான். காலை அக்ஸிலேட்டரிலிருந்து எடுத்தால் பாரம் முன்னுக்கு ஓடும். எவ்வளவு ஓடும் என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம்: எடையை வேகம் குறையும் அளவால் பெருக்கி, காரின் எடை மையம் நிலத்திலிருந்து இருக்கும் உயரத்தால் பெருக்கி, முன் பின் அச்சுகளின் இடைவெளியால் வகுக்க வேண்டும். மையம் அரை மீற்றர் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அச்சு இடைவெளி 2.27 மீற்றர். காலை எடுத்ததால் மட்டும் 0.3 ஜி அளவு (ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்) வேகம் குறைந்தால், ஏறக்குறைய 76 கிலோ பின்னாலிருந்து முன்னால் போய்விடும். பிரேக்கை நன்றாக மிதித்து 0.9 ஜி வந்தால் 228 கிலோ.

ஏற்கெனவே சரிவில் லேசாகிப்போன பின் டயரிலிருந்து இன்னும் 76 கிலோவை எடுத்துவிட்டு, கனமான என்ஜினைப் பக்கவாட்டில் பிடித்து நில் என்றால் எப்படி நிற்கும்? ஒரு சுற்றில் காலை மேட்டுக்கு முன்னால் எடுத்திருப்பீர்கள், மற்றதில் மேட்டைத் தாண்டி எடுத்திருப்பீர்கள். வேகமானியில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

மே 4

செட்டிங்ஸ் பக்கம் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் ஒரு நல்ல சுற்றையும் ஒரு சுழன்ற சுற்றையும் ரீப்ளே சேமித்து அனுப்புங்கள். திரையில் பெடல் காட்டும் சின்ன ஆப்பையும் திறந்து வையுங்கள், கிளட்ச், பிரேக், அக்ஸிலேட்டர் எல்லாம் பட்டையாகத் தெரியும்.

மே 6

ரீப்ளே இரண்டையும் பார்த்தேன். கால் எடுக்கும் இடத்தில் வித்தியாசம் இருக்கிறது, எதிர்பார்த்ததுதான். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது.

நல்ல சுற்றில் நாலிலிருந்து மூன்றாம் கியருக்கு நேர்கோட்டில், பிரேக் மிதித்துக்கொண்டிருக்கும்போதே இறக்கியிருக்கிறீர்கள். சுழன்ற சுற்றில் ஸ்டீயரிங் திருப்பிய பிறகு இறக்கியிருக்கிறீர்கள். அதுவும் அக்ஸிலேட்டரை ஒரு தட்டுத் தட்டாமல். கிளட்ச் விட்ட அந்த நொடியில் பின் சில்லுகள்தான் என்ஜினை இன்னும் வேகமாகச் சுழல வைக்க வேண்டும். அது பின் சில்லுக்கு மட்டும் ஹான்ட்பிரேக் போட்ட மாதிரி வேலை செய்யும். ஒரு டயருக்கு இருக்கும் பிடி மொத்தமாக ஒரு அளவுதான். அதில் ஒரு பகுதியை நீளவாட்டில் செலவழித்தால் பக்கவாட்டுக்கு மிச்சம் குறைந்துபோகும்.

உங்கள் மற்றக் கார்கள் ஏன் இப்படிச் செய்யவில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது. முன் சில்லு இழுக்கிற காரில் இதே தவறான நேரத்தில் கியரை இறக்கினால் முன்பக்கம்தான் பிடியை விடும், கார் நேராகப் போகும், பயம் குறைவு. நடுவில் என்ஜின் உள்ள புதிய கார்களில் கணினியே அக்ஸிலேட்டரைத் தட்டிக் கொடுக்கிறது. 1987 கார் ஒன்றும் செய்யாது. கேமின் உதவிப் பகுதியில் கியர் இறக்கும்போது தானாகத் தட்டும் வசதி இருக்கிறது. இப்போதைக்கு அதைப் போட்டுவிட்டு ஓட்டுங்கள். பிறகு காலால் பழகலாம்.

மே 7

டர்போவைச் சொல்ல மறக்கக்கூடாது, புகையின் வேகத்தில் சுழன்று என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் உறுப்பு அது. இந்த என்ஜின் மெதுவாகச் சுழலும்போது தூங்கும். மிதித்தால் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது, பிறகு எல்லாம் ஒரேயடியாக வரும். வளைவுக்கு நடுவில் காரைத் தாங்கிப்பிடிக்க என்று மிதிக்கும் மிதி, நீங்கள் கேட்ட நேரத்தில் வராமல் அரை செக்கன் பிந்தி வந்தால் நிலைமை தலைகீழ். கியர் ஒன்று மாறினால் என்ஜின் சுழலும் வேகம் மாறும், அது மாறினால் டர்போ எழும்பும் நேரம் மாறும். ஆகவே மூன்றாம் கியரில் போன சுற்றையும் நாலாம் கியரில் போன சுற்றையும் ஒப்பிடாதீர்கள்.

மே 9

இன்று கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன், ஆனால் இதுதான் எனக்கு இந்த விஷயத்தில் மிக முக்கியமாகப் படுகிறது.

கொழும்பில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி வழியாக நின்றுகொண்டு வந்தவர்களுக்குத் தெரியும். டிரைவர் பிரேக்கில் கால் வைக்கப் போகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும் முன்னால் கம்பியைப் பிடித்த கைக்குத் தெரிந்துவிடும். இடுப்பு முன்னே போகும், கால் தானாக இறுகும். உண்மையான காரிலும் அதுதான் நடக்கிறது. பின்பக்கம் வழுக்கத் தொடங்குவது முதலில் இருக்கையில் தெரிகிறது, கண்ணுக்குப் பிந்தித்தான் வருகிறது.

நான் தினமும் ஓட்டுவது ஒரு சின்ன ஆல்டோ. மழை நாளில் வெள்ளவத்தையிலிருந்து மரைன் டிரைவ் வழியாக வரும்போது, வெயிலில் காய்ந்த வீதியில் முதல் மழை விழுந்ததும் எண்ணெயும் தூசியும் சேர்ந்து வழவழப்பாகிவிடும். திருப்பத்தில் முன் சில்லு லேசாக நழுவினால், நான் யோசிக்கும் முன்பே கால் தளர்ந்திருக்கும். யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. உடம்பு கற்றுக்கொண்டது.

கேமில் அந்த இருக்கை இல்லை. பாரம் முன்னுக்குப் போனதும் பின்னுக்கு வந்ததும் உடம்புக்குத் தெரிவதில்லை. கார் ஒழுங்காக அறிவித்துக்கொண்டுதான் இருக்கிறது, அந்த அறிவிப்பு வந்து சேரும் வழி மட்டும் இல்லை. சுழன்றபிறகுதான் கண் பார்க்கிறது. அதனால்தான் காரணமே இல்லாமல் நடந்த மாதிரி இருக்கிறது. என் அபிப்பிராயத்தில் "கணிக்க முடியாத கார்" என்ற முறைப்பாட்டில் பெரும்பகுதி இதுதான்.

அப்படியானால் மிச்சம் இருக்கும் வழிகளைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும். ஒன்று காது. டயர் சத்தம் மெல்லிய முனகலிலிருந்து கிறீச்சிடும் சத்தத்துக்கு மாறும் இடம் முக்கியம், என்ஜின் சத்தத்தைக் குறைத்து டயர் சத்தத்தைக் கூட்டுங்கள். மற்றது கை. ஸ்டீயரிங்கின் விசையை அளவுக்கு மீறிக் கூட்டி வைத்தால், சிக்னல் உச்சியில் போய் முட்டி நின்றுவிடும். அதற்கு மேல் எல்லாம் ஒரே கனம். முன் டயர் பிடியை விடும்போது ஸ்டீயரிங் இலேசாகும் அந்தச் சின்ன மாற்றம் கைக்கு வராது. பெடல் ஆப்பில் கடைசிப் பட்டை அந்த விசைக்குத்தான். வளைவில் அது சிவப்பாகிக்கொண்டே இருந்தால் விசையைக் குறையுங்கள். கனமான ஸ்டீயரிங்தான் உண்மையானது என்று நிறையப்பேர் நினைக்கிறார்கள். எனக்கு இலேசான ஸ்டீயரிங்தான் நிறையச் சொல்கிறது.

மே 12, வெசாக் விடுமுறை

வீதியெல்லாம் வெசாக் விளக்குக் கூடுகளும் தோரணங்களும், வெளியே வாகனம் எடுக்க முடியாது. வீட்டில் இருந்து எழுதுகிறேன்.

பழைய செட் என்று தம்பி எழுதியதிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். என்னுடைய பழைய செட்டில் நடந்ததைச் சொல்கிறேன். நேர்ப்பாதையில் கார் காரணமில்லாமல் மெல்ல இழுக்கும். வளைவில் அக்ஸிலேட்டரைச் சீராகப் பிடித்திருந்தாலும் சில தடவை முன்பக்கம் திடீரென்று கடிக்கும், வால் வெளியே வரும். டயர் அழுத்தம், சஸ்பென்ஷன் எல்லாம் மாற்றிப் பார்த்தேன், ஒரு பிரயோசனமும் இல்லை. கடைசியில் விண்டோஸில் கேம் கன்ட்ரோலர் பகுதியைத் திறந்து, பெடலில் காலே வைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரேக் பட்டை தானாகத் துடித்துக்கொண்டிருந்தது.

விலை குறைந்த செட்களில் பெடலின் அசைவை அளப்பது பொட்டென்ஷியோமீட்டர் என்கிற சின்ன உறுப்பு. கரிப் பாதை ஒன்றின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டு போகும். அதில் தூசி படிந்தால், பாதை தேய்ந்தால், அளவு தாவித்தாவிக் காட்டும். நாங்கள் இருப்பது கடலுக்கு இரண்டு ஒழுங்கை தள்ளி. உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே துருப்பிடிக்கிறது, இது எம்மாத்திரம். பெடலைக் கழற்றி, எலக்ட்ரானிக் தொடுமுனைகளுக்கு அடிக்கும் கிளீனர் ஸ்ப்ரேயைக் கொஞ்சம் விட்டு, பெடலை மேலும் கீழும் பல தடவை அசைத்து, காயவிட்டுத் திரும்ப அளவுபடுத்தினேன். துடிப்பு போய்விட்டது. ஸ்ப்ரே புறக்கோட்டையில் எலக்ட்ரானிக் சாமான் கடைகளில் கிடைக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டு மூன்று வீத பிரேக் என்பது நேர்ப்பாதையில் ஒன்றுமில்லை. பாடக் ஹில் சரிவில், யெல்லோபேர்டில், அது போதும்.

மே 13

தம்பியின் பிரேக் பட்டையும் துடிக்கிறதாம். வீடியோ போட்டிருக்கிறார். அடிக்கடி இல்லை, எப்போதாவது. எப்போதாவது என்பதுதான் ஆளைக் குழப்புவது, எப்போதும் துடித்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார்.

சுத்தம் செய்யும்வரை பிரேக்கின் தொடக்கத்தில், கேம் கணக்கில் எடுக்காத ஒரு சின்ன வெற்று இடைவெளி வைத்து ஓட்டலாம்.

மே 13, பின்னேரம்

முதல் குறிப்பில் "நிலைமை எல்லாம் ஒன்றாக இருந்தால்" என்று எழுதியிருந்தேன். அந்த நிபந்தனையை விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தக் கேமில் நிலைமை ஒன்றாக இருப்பதில்லை.

ட்ராக்கின் பிடி ஒரு செட்டிங். தூசி படிந்த ட்ராக் என்று தெரிவுசெய்தால் குறைந்த பிடியில் தொடங்கி, சுற்றுகள் ஓட ஓடக் கூடும். அதற்குள்ளேயே தற்செயல் அளவு என்று ஒரு எண்ணும் இருக்கிறது. ஆகவே தம்பி சொன்ன ரேண்டம் உண்மையில் ஒரு இடத்தில் இருக்கிறது, ஆனால் அது ஒரு தடவை தொடங்கும் பிடியை மாற்றுவது, வளைவுக்கு வளைவு ஏமாற்றுவது கிடையாது. காற்றையும் போட்டு வைத்திருந்தால் அதுவும் ஒரு மாற்றம். பயிற்சிக்குப் பிடியை உச்சத்தில் வைத்துக் காற்றை நிறுத்திவிடுங்கள்.

டயர் சூடு அடுத்தது. முதல் சுற்றில் டயர் குளிர், அழுத்தமும் குறைவு. பின் சில்லு வேகமாகச் சூடாகும், ஏனென்றால் பாரமும் அதிலே, இழுப்பும் அதிலே. ஒரு தடவை சுழன்று புகை கிளப்பினால் டயர் அளவுக்கு மீறிச் சூடாகி, அடுத்த சில வளைவுகளுக்குப் பிடியில்லாமல் இருக்கும். ஒரு தடவை சுழன்றவர் அடுத்த சுற்றிலும் சுழல்வதற்கு இது ஒரு காரணம், பதற்றம் மட்டும் காரணமில்லை.

பெட்ரோல் தாங்கி இந்தக் காரில் முன்னால் இருக்கிறது. 40 லீற்றர் என்றால் ஏறக்குறைய 30 கிலோ. நிறைந்த தாங்கியோடு மூக்கு நன்றாகக் கடிக்கும். காலியாக ஆக மூக்கு இலேசாகி, திருப்பத்துக்குள் நுழையும்போது அகலமாகப் போகும். அகலமாகப் போகிறதே என்று ஸ்டீயரிங்கை இன்னும் திருப்பி, காலையும் எடுத்தால்... மிச்சத்தைத் தம்பி ஏற்கெனவே பார்த்திருக்கிறார்.

மே 16

ஒருவர் பின் ஸ்பிரிங்கை இறுக்கச் சொல்லி எழுதியிருக்கிறார். வேண்டாம். இந்தக் காருக்கு அது நேர் எதிரானது.

டயரின் மேல் பாரத்தை இரண்டு மடங்காக்கினால் பிடி இரண்டு மடங்காகாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும். வளைவில் வெளிப்பக்க டயர் பாரம் வாங்குகிறது, உட்பக்க டயர் இழக்கிறது. உட்பக்கம் இழக்கும் பிடி வெளிப்பக்கம் பெறும் பிடியைவிட அதிகம். எந்த அச்சை இறுக்குகிறீர்களோ அந்த அச்சில்தான் இந்தப் பாரமாற்றம் கூடுதலாக விழும், அந்த அச்சின் மொத்தப் பிடி குறையும். பின்னை இறுக்கினால் பின்தான் முதலில் விடும். வால் வீசும் காருக்கு முன்னை இறுக்கிப் பின்னைத் தளர்த்த வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதுவும் பெடல் சரியானபிறகு.

மே 17

இன்னொருவர் கிரான் டூரிஸ்மோ 7 என்ற வேறொரு கார் கேமைக் கைக்கன்ட்ரோலரில் ஓட்டுகிறார், அங்கும் இதே முறைப்பாடு. கன்ட்ரோலரில் உங்கள் கட்டைவிரல் சொல்வதைக் கேம் அப்படியே சில்லுக்கு அனுப்பாது. ஸ்டிக்கை முழுவதும் தள்ளினாலும் வேகத்துக்கு ஏற்ப எவ்வளவு திருப்புவது, எவ்வளவு விரைவாகத் திருப்புவது என்று நடுவில் ஒரு வடிகட்டி முடிவெடுக்கும். வேகம் குறையக் குறைய அது கூடுதலாகத் திருப்ப விடும். ஆகவே பிரேக் மிதித்துக்கொண்டே ஸ்டிக்கை முழுவதும் தள்ளி வைத்திருந்தால், விரல் அசையாமலே சில்லு மேலும் திரும்பும். ஸ்டிக்கை முழுவதும் தள்ளாமல் பழகுவதுதான் வழி.

கேமே காரணமாக இருந்த சந்தர்ப்பமும் உண்டு. 2024 ஜூலையில் கிரான் டூரிஸ்மோ 7 க்கு வந்த 1.49 அப்டேட்டில் கார்களின் இயக்கக் கணக்கை மாற்றினார்கள். சில கார்கள் பந்து மாதிரித் துள்ளி வானத்தில் பறந்த வீடியோக்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சில நாட்களில் திருத்தம் வந்தது. அப்டேட்டுக்குப் பிறகு ஒரு பழகிய கார் திடீரென்று மாறினால் உங்கள் கையைச் சந்தேகிக்க முதல் அந்த அப்டேட்டின் குறிப்பை வாசியுங்கள்.

மே 20

தம்பி கணினியை வரவேற்பறை டிவியில் கொழுவி ஓட்டுவது இன்றுதான் தெரிந்தது. டிவியில் கேம் மோட் போடாவிட்டால் படத்தை அழகுபடுத்த அது நேரம் எடுக்கும். அந்தத் தாமதம் 0.1 செக்கன் என்று வைத்தால், மணிக்கு 200 கிலோமீற்றரில் கார் அதற்குள் ஐந்தரை மீற்றர் போய்விடும். நீங்கள் பார்ப்பது ஐந்தரை மீற்றருக்கு முந்திய கார். வால் வீசியதைக் கண்டு ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பும்போது கார் அந்த நிலையைத் தாண்டியிருக்கும், நீங்கள் திருப்பியது அடுத்த பக்கம் தூக்கி வீசும்.

கணினி திணறினாலும் இதுதான். சிபியு 99 வீதத்தைத் தாண்டுகிறது என்று கேம் திரையில் எச்சரிக்கை காட்டும். எதிரிக் கார்களின் எண்ணிக்கையைக் குறைத்துப் பாருங்கள்.

மே 24

மஹகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி பற்றி ஒருவர் கேட்டிருந்தார், கேமில் அப்படி ஏதும் உண்டா என்று. நுவரெலியாவில் தேயிலைச் சரிவுக்கு நடுவே ஒவ்வொரு காராக மேலே ஓடும் போட்டி அது. அசெட்டோ கோர்சாவில் அதற்குக் கிட்டவான அனுபவம் இத்தாலியின் ட்ரெண்டோ பொண்டோனே மலைப்பாதை. ஒடுங்கிய பாதை, ஓட இடமில்லை. பின் என்ஜின் காரை ஏற்றத்தில் ஓட்டிப் பார்க்க நான் இதைத்தான் சொல்வேன். ஏற்றத்தில் பாரம் இயல்பாகவே பின்னால் இருப்பதால் கார் மன்னிக்கும், அதன் குணத்தைப் பயமில்லாமல் படிக்கலாம்.

மே 27

தம்பி பெடலைச் சுத்தம் செய்து, டிவியை கேம் மோடில் போட்டு, கியரை நேர்கோட்டிலேயே இறக்கி ஓட்டிய ரீப்ளே வந்தது. மேட்டுக்கு முன்னாலேயே பிரேக் வேலை முடிகிறது. சரிவில் கால் முழுவதும் எடுபடாமல் அக்ஸிலேட்டரில் கொஞ்சம் தங்கி இருக்கிறது, அதனால் பாரம் பின்னாலேயே நிற்கிறது. வால் அடங்கிவிட்டது. பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

இன்னும் ஒரு இடம் மட்டும். சரிவு முடியும் முன்னால் முழுவதும் மிதித்துவிடுகிறீர்கள். டர்போ எழும்பும் நேரத்தில் பின் டயர் இன்னும் லேசாகத்தான் இருக்கிறது, அங்கே ஒரு சின்ன ஆட்டம் தெரிகிறது. பள்ளத்தில் கார் அமரும்வரை பாதி மிதியில் பிடியுங்கள். சஸ்பென்ஷன் அமுங்கியது ரீப்ளேயில் தெளிவாகத் தெரியும், அந்த இடத்தில் முழுவதும் கொடுங்கள். அடுத்த ரீப்ளேயில் ட்ரூயிட்ஸ் வளைவையும் சேர்த்து அனுப்புங்கள், அங்கே பிரேக் மிதிக்கும் இடம் இன்னும் முந்தியே இருக்கிறது.